விடிவெள்ளியின் அடிப்பலகை

என் தம்பியோடு கடலில் முழுகிப்போன மீன்பிடி லாஞ்சை என் தம்பி மகளே மரப்பொம்மையாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்ற செய்தியை மீன்காரி கெங்கம்மாதான் கொண்டுவந்தாள். மீன்பிடித் தடைக்காலம் அது. காசிமேட்டில் லாஞ்சுகள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. அவள் கூடையில் இருந்தது ஆந்திராவிலிருந்து வந்த ஐஸ் மீன். கண் வெளுத்து, செவுள் சாம்பல் பூத்து, தொட்டால் விரல் பதிகிற வஞ்சிரம். அதை என் வாசலில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"யோவ் டாலி, சேதி தெரியுமா ஒனுக்கு?"

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பது என் வேலை. ராயபுரத்தில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. டாலி என்றால் தெரியும்.

"மொதல்ல இந்த மீன எடுத்து அப்பால வை. நாறுது" என்றேன்.

"மீனு நாறுனா வாசலக் கழுவிக்கலாம்யா. நான் சொல்லப்போறது கழுவுனாலும் போவாது. ஒன் தம்பி பொண்ணு மெர்லினு, மேத்யூக்குக் கப்பலு செஞ்சி குடுக்குதாம். ஒங்க சர்ச்சு கோயில்ல மேல தொங்க உடறதுக்கு. எந்தக் கப்பலு தெரியுமா? விடிவெள்ளி."

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? மேத்யூவே மார்க்கெட்ல நின்னுகினு சொல்றான். அருளு பொண்ணு கையால செஞ்சாதான் அந்த ஆத்துமாவுக்கு நிம்மதியாம். கேக்கவே கொமட்டிகினு வருது."

 

இரண்டு வருடத்துக்கு முன்பு, தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போன முதல் வாரத்தில், எண்ணூருக்கு நேரே விடிவெள்ளி முழுகியது. என் தம்பி அருள்பிரகாசம் அதில் ஸ்ராங்கு. சுக்கான் பிடித்து லாஞ்சை ஓட்டுகிறவன். மற்றவர்கள் தப்பி வந்தார்கள். அவனை முகத்துவாரக்குப்பத்து ஆட்கள் சேற்றிலிருந்து தூக்கிக் கொடுத்தார்கள். கழிமுகத்தின் கறுப்பு எண்ணெய் அவன் காதுக்குள் எல்லாம் இருந்தது. வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கழுவியும் போகவில்லை. உடல் இருந்த நிலையில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் லாஞ்சு முதலாளி மேத்யூ தன் நாக்கை நுழைத்தான். ஸ்ராங்கு குடித்துவிட்டுப் போய்க் கடலுக்குள் நீளும் கற்சுவரில் மோதிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னான். கூடப் போனவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த மாதமும் அவனிடம்தானே அவர்களுக்கு வேலை.

எங்கள் கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் கொடி பிடிப்பது என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆண்கள். அந்த வருடம் விழாக் கமிட்டியிலிருந்து ஒருவன் வந்து, "அண்ணே, இந்த வாட்டி வேற வூட்டாளுங்க புடிக்கட்டும்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். சொல்லிவிட்டு என் வீட்டில் காப்பியும் குடித்துவிட்டுப் போனான். அந்தத் தம்ளரை நான் குப்பைத் தொட்டியில் போட்டேன். என் தம்பி குடிக்கிறவன் இல்லை என்று கோயிலிலும் மார்க்கெட்டிலும் டீக்கடையிலும் சண்டை போட்டேன்.

கெங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்த சந்துக்கு நடந்தேன்.

தம்பி வீடு இரண்டு அறை. முன்னறையில் மேசை. அதன்மேல் கவிழ்த்துவைத்த மீன் எலும்புக்கூடு போல ஒன்று. நடுவில் ஏரா, அதுதான் படகின் முதுகெலும்பு. அதன் இரண்டு பக்கமும் விலா விலாவாக வங்குகள். மெர்லின் தலையை முண்டாசாகக் கட்டிக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தாள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கப்பல் கம்பெனிகளுக்குப் பரிசுக் கப்பல் செய்து பழகியவள் அவள். அந்தக் கடையை ஒரேயடியாக மூடிய பிறகு வீட்டிலேயே செய்கிறாள். பாய்மரக் கப்பல்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற மாதிரி. அதில் நான் குறை சொன்னதில்லை.

அடுப்பில் நண்டு அவிக்கிற டேக்ஸா கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் நண்டு இல்லை. விரல் அகலத்தில் சீவிய மரக் கீற்றுகள் பாதி முழுகி, பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தன. பழைய நண்டு வாடை, வெந்த மர வாடை, ஃபெவிகால் புளிப்பு, வெளியே சாக்கடை. மே மாத வெயிலில் எல்லாம் ஒன்றாகக் கலந்து முகத்தில் அறைந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

"வா பெரிப்பா. இன்னா வெளியவே நின்னுகினு கீற? ஃபேன் போட முடியாது, கீத்து காஞ்சிடும். உள்ள வந்து ஒக்காரு."

"இது யாரு லாஞ்சு?"

அவள் இடுக்கியால் ஒரு கீற்றை எடுத்தாள். நீர் சொட்டியது. "ஒனுக்குத் தெரிஞ்சிதான் வந்திருக்க. அப்புறம் இன்னாத்துக்குக் கேக்குற?"

"உன் வாயால சொல்லு."

"விடிவெள்ளி."

"உங்கப்பனக் குடிகாரன்னு சொன்னவனுக்கு நீ பொம்மை செஞ்சி குடுக்குற. அவன் அத எங்க அப்பன், பாட்டன் மண்டி போட்ட கோயில்ல தொங்க விடுவான். அதானே?"

"காணிக்கை பெரிப்பா. தப்பிச்சு வந்தவன் கப்பல் செஞ்சி ஏத்துறது வழக்கம்தானே."

"அவன் எங்க தப்பிச்சான்? அவன் கரையில பிரியாணி தின்னுகிட்டு இருந்தான்."

கேஸ் அடுப்பின் இன்னொரு தீயில் ஒரு இரும்புக் குழாய் காய்ந்துகொண்டிருந்தது. நனைந்த கீற்றை அதன்மேல் வைத்து, இரண்டு முனையையும் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்தாள். புஸ்ஸென்று ஆவி பறந்தது. அவசரப்பட்டால் உடையும், பயந்தால் வளையாது. பாதி வளைந்ததும் 'டக்' என்று நார் பிரிந்தது. தூக்கிக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சிலுவையம்மாள், என் தம்பி மனைவி, அப்போதுதான் இறால் உரிக்கிற கொட்டகையிலிருந்து வந்தாள். விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"வாங்க மாமா. வெயில்ல நிக்கிறீங்களே."

"உனக்குத் தெரிஞ்சிதான் நடக்குதா செலுவ?"

"அவ வேல, அவ இஷ்டம். நான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கறது இல்ல மாமா" என்று அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். போகும்போது மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடந்தாள். சுவரில் மாட்டியிருந்த புருசன் படத்தையும் அப்படியே கடந்தாள்.

"இந்தக் கட்டை இந்த வூட்டை விட்டுப் போற வரைக்கும் நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

படி ஏறவில்லையே தவிர, தினமும் போனேன். தெருவில், சாக்கடை மூடியின் மேல் நின்று, முகத்தை எதிர்வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு பேசினேன். பார்க்க மாட்டேன் என்று சொன்னவன் பார்க்கக் கூடாது. ஆனால் காது கேட்டது. ஆவியின் சத்தம், கீற்று உடைகிற சத்தம், ரம்பம், உப்புத்தாள். ஒரு நாள் அவளே தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. முந்தின நாள் மழை தூறியதால் ஈரம் முழுசாகக் காயாத பலகைகளை ஒட்டிவிட்டாளாம். காய்ந்ததும் அவை சுருங்கி, இடையிடையே வெளிச்சம் தெரிந்ததாம். ஒட்டியதை எல்லாம் வெந்நீர் வைத்து ஊறவிட்டுப் பிரித்தாள். அழுகிய பால் போல வெள்ளைப் பசை தெருச் சாக்கடைக்கு ஓடியது, என் செருப்பை ஒட்டி.

"பாரு, மரமே ஒட்ட மாட்டேங்குது. அதுக்கு இருக்கிற ரோஷம் உனக்கு இல்ல" என்றேன் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து.

"மரத்துக்கு ரோஷம் இல்ல பெரிப்பா, ஈரம். வளைச்சத கிளிப்பு போட்டு ஒரு நாள் காய உட்டு அப்பால ஒட்டணும். நாந்தான் பறந்தேன்."

கெங்கம்மா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கூடையோடு நின்றுவிடுவாள்.

"இன்னா டாலி, சாக்கட மூடிக்கு வாட்ச்மேன் வேலையா?"

"உன் வேலையப் பாரு."

"மூஞ்சியப் பாரு, கருவாட்டுல புழு பூந்தாப்ல. உள்ள போய்த் திட்டுய்யா. தெருவுக்கு இன்னா தெரியும் ஒன் கோவம்?"

ஒரு நாள் மேத்யூ வந்தான். நான் தெருவில் நின்றுகொண்டிருக்கும்போதே அவன் கார் சந்து முனையில் நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டைச் சங்கிலி, தலையில் நேற்று அடித்த மை. வியர்வையில் அந்த மை கரைந்து காதோரம் வழிந்தது. சென்ட் வாசனை அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. "அண்ணே, ஸ்தோத்திரம்" என்று என்னைக் கும்பிட்டான். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. வாயில் இருந்த பாக்கை என் காலுக்கு ஒரு முழம் தள்ளித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே போனவன் அழுதான். எனக்கு அது கேட்டது. மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டு அழுதான்.

"அப்டியே இருக்கணும்மா. பாத்தா விடிவெள்ளியே வந்து நிக்கணும். ஒரு ஆணி கூட மாறக்கூடாது."

"நான் அந்த போட்ட ஒயுங்கா பாத்தது இல்லியே அங்கிள்."

"நம்ம இஞ்சின் டிரைவரு காஜா மொய்தீன அனுப்புறேன். இன்ச்சு இன்ச்சா அவனுக்குத் தெரியும். அவன் சொல்ற மாரியே செய்யி."

அவன் போன பிறகு நானே என் வீட்டிலிருந்து பினாயில் கொண்டுவந்து அவன் துப்பிய இடத்தில் ஊற்றினேன். அவன் கொண்டுவந்த மைசூர்பாகை சிலுவையம்மாள் பிரிக்கவில்லை. எறும்பு பிரித்தது.

காஜா மொய்தீன் மறுநாளிலிருந்து வர ஆரம்பித்தான். என் தம்பியோடு ஒரே சட்டியில் சோறு தின்றவன், விடிவெள்ளியிலிருந்து தப்பி வந்தவர்களில் ஒருவன். இப்போது மேத்யூவின் வேறு லாஞ்சில் இஞ்சின் பார்க்கிறான். என்னைத் தாண்டிப் போகும்போது, "சலாம் அண்ணாத்தே" என்பான், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு. அவன்மேல் அடித்த டீசல் வாடையைக்கூட நான் வெறுத்தேன். முதுகெலும்பு இல்லாதவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முதுகெலும்புக்குப் பலகை ஒட்டுகிறார்கள் என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளே ரம்பம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது கமிட்டிக்காரன், அதே காப்பி குடித்தவன், கோயில் வாசலில் என்னைப் பிடித்தான்.

"அண்ணே, மேத்யூ பெரிய மனசு பண்ணிக் கீறாரு. கப்பல் ஏத்தும்போது மைக்ல படிக்கச் சொல்லிக் கீறாரு. குடிப்பழக்கத்தால் உயிரிழந்த ஸ்ராங்கு அருள்பிரகாசத்தின் ஆன்மா இளைப்பாற, அப்டின்னு. ஒங்க குடும்பத்துக்கு மரியாததானே?"

கோயிலுக்குள், கர்த்தருக்கு முன்னால், மன்னிக்கிற மாதிரி ஒரு முத்திரை. இனி என் தம்பி என்றைக்கும் குடித்துச் செத்தவன்தான். அவனுக்காக ஜெபம் சொல்கிற ஒவ்வொரு வாயும் அதைச் சொல்லும்.

நேராகச் சந்துக்குப் போனேன். படி ஏறினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மெர்லின் மேசை அருகில் நின்றிருந்தாள், காஜா தரையில் உட்கார்ந்திருந்தான். லாஞ்சு அடிப்பக்கம் மேலாகக் கவிழ்ந்திருந்தது. எல்லாப் பலகையும் ஒட்டி முடிந்திருந்தது. தெருவில் போட்டு மிதிக்கிற எண்ணத்தில் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.

"பெரிப்பா! பசை காயல!"

என் கட்டைவிரல் எதன்மேலோ பட்டது. ஈரமாக, சாம்பல் நிறமாக இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பொருளைப் பார்த்தேன்.

முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வரை பலகைகள் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு வளைந்து போயின. மூக்குப் பக்கம் ஒடுங்கி, வயிற்றில் அகன்று, பின்னால் மறுபடி ஒடுங்கின. ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. ஆனால் ஏராவை ஒட்டி மூன்றாவது பலகையில், பின்பக்கமாக, ஒரு சதுரத் தகடு. சுற்றிலும் குண்டூசித் தலை ஆணிகள். ஓரத்தில் கோணல்மாணலாகப் பூசிய சிமெண்ட். இத்தனை சுத்தமான உடம்பில் அது புண் மாதிரி இருந்தது.

"இது என்ன அசிங்கம்?"

மெர்லின் காஜாவைப் பார்த்தாள். அவன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"போட்டுல இருந்துதுதான் அண்ணாத்தே. அந்த வருசம் தடைக்காலத்துல கரையில ஏத்துனோம். இஞ்சினுக்கு நேர் கீழ மூணாம் பலக, பூச்சி அரிச்சு உளுத்துப் போயிருந்துது. ஸ்ராங்கு வெரலால அமுக்குனாரு, வெரலு உள்ள போச்சு. பலக மாத்தணும்னாரு. மேத்யூ நைனா வந்தாரு. குனிஞ்சிகூடப் பாக்கல. தகட அடி, சிமெண்ட்டப் பூசு, பெயிண்ட்ட ஊத்துன்னாரு. அன்னிக்கு எண்ணூராண்ட தகடு பிச்சிகினு போச்சு. பம்பு தாங்கல. எங்கள எல்லாம் பக்கத்து லாஞ்சுக்குத் தாவச் சொல்லிட்டு, அவுரு சுக்கான வுடாம கரையப் பாத்துத் திருப்பிகினு இருந்தாரு."

"குடிச்சிருந்தானா?"

"டீ கூடக் குடிக்கல. வூட்ல சண்டன்னு சாப்புடாம வந்தாரு. என் பன்னுல பாதி பிச்சிக் குடுத்தேன்."

"ரெண்டு வருஷமா வாயில என்ன வச்சிருந்தே?"

"வேல வச்சிருந்தேன் அண்ணாத்தே" என்றான்.

நான் அவனை அடித்திருப்பேன். கையில் லாஞ்சு இருந்தது. மெர்லின் அதை என்னிடமிருந்து குழந்தையை வாங்குவது போல வாங்கி, என் விரல் பட்ட சிமெண்ட்டை மறுபடி சரிசெய்தாள். சரி என்றால் கோணலாக.

"பலக உளுத்துடுச்சின்னு அப்பா அப்பவே என்னாண்ட சொல்லிச்சு. எந்தப் பலக, எப்டி ஒட்டு போட்டாங்கன்னு தெரியாது. இவுருதான் சொன்னாரு."

"வா, இப்பவே போவோம். மேத்யூ சட்டையப் புடிச்சி..."

"புடிச்சா? அவன் இல்லன்னுவான். ஊரு அவன் பேச்ச நம்பும். பெரிப்பா, அவன் விடிவெள்ளிய எப்பவும் படகுத்துற மேடையில நின்னுகினுதான் பாத்திருக்கான். மேல் பாதிதான் அவனுக்குத் தெரியும். கோயில்ல ஏத்துனா மேல் பாதி யாருக்குத் தெரியும்? கீழ நிக்கிறவனுக்கு அடிதானே தெரியும். ஏத்துனத எறக்கவும் மாட்டாங்க."

அது உண்மை. எங்கள் கோயிலில் ஏற்றின கப்பலை இறக்குவதில்லை. வெள்ளையடிக்கும்போதுகூடத் துணி சுற்றிவிட்டுத்தான் அடிப்பார்கள்.

"உங்கம்மாவுக்கு?"

அவள் குரல் இறங்கியது. "அம்மாவே நம்புது பெரிப்பா. அன்னிக்குக் கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சண்ட. அப்பா தட்டத் தள்ளிட்டுப் போச்சு. அந்தக் கோவத்துல குடிச்சிருக்கும், என்னாலதான்னு அம்மா நெனச்சிகினு கீது. நான் சொன்னா, ஒங்கப்பன நீ உட்டுக் குடுப்பியான்னுது. ஊரே பாக்கட்டும், அப்ப நம்பும். அதுவரிக்கும் நீ வாயத் தொறக்காத."

கட்டிய மனைவியே புருசனைக் குடிகாரன் என்று நம்பினாள் என்பது எனக்கு மேத்யூவின் எச்சிலைவிட அருவருப்பாக இருந்தது. அதை அவளிடம் கேட்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனேன்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனை கேவலமான வேலை என்று அந்த வாரத்தில் தெரிந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் மேத்யூ லாஞ்சை எடுத்துப்போக வந்தபோது நானும் உள்ளே இருந்தேன். அது நீலமும் வெள்ளையுமாக, சுக்கான் பிடிக்கிற வீல்ஹவுஸ் அறையும் வலைக் கப்பியும் வைத்து, மரத் தாங்கியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேத்யூ சுற்றிச் சுற்றி வந்தான்.

"அப்டியே கீதும்மா! எங்க அப்பா மேல சத்தியமா, அப்டியே கீது. அடிக்கு இன்னா கலரு அடிச்ச? செவப்புதானே?"

சொல்லிக்கொண்டே தாங்கியிலிருந்து தூக்கப் போனான். மெர்லின் முகம் வெளுத்தது. நான் இரண்டு எட்டு வைத்து மேத்யூவின் வலது கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன்.

"பெயிண்ட் காயல தம்பி. என் தம்பிக்கு நீ செய்யிறத நான் மறக்க மாட்டேன்."

"அண்ணே! நீங்களே சொல்லிட்டீங்க. இது போதும்ணே" என்று என்னைக் கட்டிக்கொண்டான். அவன் கன்னத்து ஈரம் என் கழுத்தில் ஒட்டியது. மை கரைந்த ஈரம். அவன் ஆட்கள் லாஞ்சைத் தாங்கியோடு தூக்கிப் போனபின், தெருக் குழாயில் நின்று தோல் எரிகிற வரை கழுத்தைத் தேய்த்தேன். கெங்கம்மா பார்த்துவிட்டு முதல்முறையாக ஒன்றும் கேட்காமல் போனாள்.

திருவிழாப் பூசைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. தடைக்காலம் முடிந்தும் அன்று கடலுக்குப் போகாமல் ஸ்ராங்குகள், வலைக்காரர்கள், படகுத் தச்சர்கள், மீன்காரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற கெங்கம்மாவும் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். நான் இஸ்திரி போட்ட வேட்டியில் தூண் ஓரமாக நின்றேன். சிலுவையம்மாள் பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். கமிட்டிக்காரன் மைக்கில் படித்தான். குடிப்பழக்கத்தால் என்ற சொல் கோயில் கூரையில் மோதித் திரும்பி வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மேத்யூ நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தான்.

"காஜா, இழு" என்றான்.

பாடகர்கள் நிற்கும் பாட்டு மாடியின் உத்திரத்தில் கொக்கி. அதில் ஓடிய கயிற்றின் மறுமுனை காஜா கையில். அவன் இழுத்தான். விடிவெள்ளி தாங்கியை விட்டு எழும்பி, தலைகளுக்கு மேலே, ஏற்கெனவே தொங்கிய பழைய பாய்மரக் கப்பல்களின் வரிசைக்குப் போனது. ஜனம் அண்ணாந்து பார்த்தது. பாட்டுக்காரர்கள் இரண்டாவது அடி தொடங்குவதற்குள் கெங்கம்மாவின் குரல் எழுந்தது.

"இன்னாது அது, அடில? கால்ல கட்டு போட்டாப்ல கீது!"

"தகடு" என்றான் ஒரு படகுத் தச்சன்.

"சுத்திச் சிமெண்ட்டு கீதுடா. விடிவெள்ளிக்கு ஏதுடா ஒட்டு?"

"மூணாம் பலக. இஞ்சினுக்கு நேரா."

பாட்டு நின்றது. மேத்யூ கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். தன் லாஞ்சின் அடியை அவன் அன்றுதான் பார்த்திருப்பான்.

"ஏய், இன்னா பொண்ணு இது? இன்னா செஞ்சி வச்சிருக்க?"

"நீங்கதானே சொன்னீங்க அங்கிள், ஒரு ஆணி கூட மாறக்கூடாதுன்னு" என்றாள் மெர்லின், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "மாறல. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"இல்லாதத எல்லாம்... டேய் காஜா, எறக்குடா அத!"

காஜா கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டான். நிதானமாக இரண்டாவது முடிச்சும் போட்டான். பிறகு திரும்பினான்.

"நான்தான் அந்தச் சிமெண்ட்டக் கொழைச்சேன். ஸ்ராங்கு வாணாம்னாரு, பலக மாத்துன்னாரு. இவுருதான் பூசுன்னாரு. தண்ணி அது வழியாத்தான் வந்துது. ஸ்ராங்கு அன்னிக்குக் குடிக்கல. எங்கள ஏத்தி உட்டுட்டுத்தான் அவுரு போனாரு."

மேத்யூ சாமியாரைப் பார்த்தான். கமிட்டியைப் பார்த்தான். சாமியாருக்கு உதவியாளரான கோயில் பிள்ளை, "மந்திரிச்சு ஏத்துனத எறக்கறது இல்லீங்க" என்றார், மெழுகுவத்தியைச் சரிசெய்துகொண்டே. கெங்கம்மா மேத்யூவின் காலடியில் காறித் துப்பப் போய், கோயில் என்று நினைவு வந்து, விழுங்கிக்கொண்டாள். அவன் பக்கவாசல் வழியாகப் போனபோது ஒருவரும் ஒதுங்கி வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கடைசி வரை பிடிக்காமல் போனது. என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "எங்களுக்கு அப்பவே தெரியும்ணே." "அருளு போய்க் குடிப்பானா?" "நான் அன்னிக்கே வூட்ல சொன்னேன்." கமிட்டிக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருடம் கொடி எங்கள் வீட்டுக்குத்தான் என்றான். சென்ட்டும் வியர்வையும் சாராய ஏப்பமும் கலந்து அடித்தது. இரண்டு வருடம் இதே வாய்கள்தான். நான் கையை உருவிக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன்.

சிலுவையம்மாள் முக்காடு நழுவ, தனியாக, மேலே பார்த்து நின்றிருந்தாள். அந்தத் தகட்டின் மேலிருந்து அவள் கண் நகரவில்லை. அழவில்லை.

"கொழம்புல உப்பு ஜாஸ்தியாப் போச்சு மாமா அன்னிக்கு" என்றாள்.

"தெரியும்."

"அந்த மனுசன் படத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தல நான், ரெண்டு வருசமா. என் மேல கோவத்துல குடிச்சிட்டுப் போய்ச் செத்தியே, என் தலையில பழியப் போட்டுட்டுப் போனியேன்னு தெனிக்கும் திட்டுவேன்."

நான் நிமிர்ந்து நின்றேன். எனக்கு வேறு எப்படி நிற்பதென்று தெரியாது.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

"நீங்க ஊரு பூரா சண்ட போட்டீங்க மாமா. கோயில்ல, மார்க்கெட்ல, டீக்கடையில, என் தம்பி குடிக்கிறவன் இல்லன்னு. நம்ம வூட்டு வாசல்ல வந்துகூட நின்னீங்க, தெருவப் பாத்துகினு. என்னாண்ட ஒரு வாட்டி வந்து சொல்லல."

பின்னால் யாரோ ஒருவன் இன்னும் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கையைத் தள்ளிவிட்டேன்.

"அவன் குடிக்கல செலுவ" என்றேன்.

"இப்பதான் ஊருக்கே தெரிஞ்சிபோச்சே மாமா" என்றாள் அவள்.